கியர் லீவரின் மேல் வீண்பழி

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய கார் பட்டறைகளில் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. வேகமான கார் வாங்கியவர் டயர், பிரேக் பேட் பற்றியெல்லாம் யோசிப்பதற்கு முன்பே ஷார்ட் ஷிஃப்டர் போட்டுவிட வேண்டும் என்பதுதான் அது. கியர் லீவர் முன்னும் பின்னும் போய்வரும் தூரத்தைக் குறைக்கும் சிறு இரும்புத் துண்டுதான் ஷார்ட் ஷிஃப்டர். அதை மாட்டினால் கியர் சட்டென்று விழும், கார் வேகமெடுக்கும், பந்தயக் காரின் பிடிப்பு கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். கம்பெனி கொடுத்த நீண்ட வீச்சு செலவை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். இருபத்தைந்து வயதுப் பையன்கள் மாதத் தவணையோடு தவணையாக இதற்கும் பணம் ஒதுக்குகிறார்கள்.

இந்த நம்பிக்கையை நான் முழுமையாக மறுக்கிறேன். நம் ஊர்க் கார்களில் கையை உறுத்துவது பெரும்பாலும் லீவரின் வீச்சு கிடையாது. இணைப்புகளில் விழுந்துவிட்ட தளர்ச்சி. ஷார்ட் ஷிஃப்டர் அந்தத் தளர்ச்சியைப் போக்குவதில்லை, மறைக்கிறது. மறைப்பதற்குக் கூலியாக நம் இடது கையிடமும் கியர்பாக்ஸிடமும் கூடுதல் உழைப்பைக் கேட்கிறது.

இந்தப் பொருளின் வரலாறே இவர்களுக்குச் சாதகமாக இல்லை. கம்பெனி லீவரைக் கழற்றிவிட்டு வெளியில் செய்த லீவரைப் பொருத்தும் பழக்கத்தைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹர்ஸ்ட். 1950-களின் இறுதியில் அங்கே வி8 இன்ஜின்களின் பலம் ஏறிக்கொண்டே போனது. கியர் மாற்றும் கம்பிகளோ பழையபடி மெலிந்தே இருந்தன. ஓங்கி இழுத்தால் கம்பி நெளியும், கியர் தவறும், தவறிய கியரில் இன்ஜின் கட்டுமீறிச் சுற்றிச் சிதறும். ஹர்ஸ்ட் விற்ற மருந்து உறுதி. கனத்த தகடு, ஆட்டமில்லாத இணைப்பு, லீவர் எந்த இடத்துக்கு மேல் போகக்கூடாது என்று தடுத்து நிறுத்தும் போல்ட்டுகள். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அந்தப் போல்ட்டுகள் சுமையைத் தாங்கிக்கொள்ளும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஃபோர்க் வளையாது. 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. காரில் கம்பெனியே ஹர்ஸ்ட் லீவரைப் பொருத்தி விற்றது. வீச்சும் சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் ஓட்டுநர்கள் காசு கொடுத்தது கியர் தவறாமல் விழும் நிச்சயத்துக்கு. அறுபது ஆண்டுகளில் அந்த நிச்சயம் மறந்துபோய், வீச்சு மட்டும் விளம்பரத்தில் மிஞ்சியிருக்கிறது.

இனி வேகத்துக்கு வருவோம். கியர் லீவர் ஒரு நெம்புகோல். நடுவில் ஓர் ஆதாரப் புள்ளி இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் நீளத்தைக் கை அசைக்கிறது. கீழே இருக்கும் நீளம் கேபிளைத் தள்ளி இழுக்கிறது. கடப்பாரையால் கல்லைப் புரட்டுகிறவர் முட்டுக்கொடுத்த இடத்தைக் கல்லிலிருந்து தள்ளி வைத்தால் கையை அசைக்கும் தூரம் குறையும், மூச்சு முட்டும். ஷார்ட் ஷிஃப்டர் செய்வதும் இதைத்தான். ஆதாரப் புள்ளியை மேலே ஏற்றுகிறது, அல்லது கீழ் நீளத்தைக் கூட்டுகிறது. சில கார்களில் கியர்பாக்ஸின் மேல் இருக்கும் கையைக் குட்டையாக்குகிறது. எந்த வழியில் போனாலும் கணக்கு ஒன்றே. வீச்சு 30 சதவீதம் குறைந்தால், அதே வேலையைச் செய்ய வேண்டிய விசை ஏறத்தாழ 43 சதவீதம் கூடும். 40 சதவீதம் குறைந்தால் 67 சதவீதம் கூடும். எந்தக் கம்பெனியின் பெயர் பொறித்திருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

கூடினால் கூடட்டும், கையில் பலம் இருக்கிறது என்பார்கள். அந்த விசை போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது, கியர்பாக்ஸுக்குள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்கள் ஒரே வேகத்துக்கு வந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது சிங்க்ரோ ரிங் என்னும் சிறு வளையம், பெரும்பாலும் பித்தளையில் ஆனது. கூம்பு வடிவத்தில் இருக்கும் அதன் உட்பக்கம் கியரின் கூம்பை உரசிப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்துகிறது. வேகம் சமமாகும்வரை பல்லோடு பல் சேரவிடாமல் வழிமறித்து நிற்கிறது. இதற்கு ஆகும் நேரம், வளையத்தைக் கூம்பின் மேல் எவ்வளவு விசையோடு அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. விசை பாதியானால் நேரம் இரு மடங்கு.

இப்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஷார்ட் ஷிஃப்டர் போட்டபின் கை பழைய விசையையே கொடுத்தால், 30 சதவீத வீச்சுக் குறைப்பில் வளையத்தை அழுத்தும் விசை 30 சதவீதம் குறைந்துபோகும். வேகம் சமமாக ஆகும் நேரம் 43 சதவீதம் நீளும். லீவரின் பயணத்தில் சேமித்த நேரத்தை வளையம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதை விடக்கூடாது என்றால் கை கூடுதலாக உந்த வேண்டும். உந்தலாம்தான். ஆனால் அப்படி உந்தத் தெரிந்த கை கம்பெனி லீவரிலேயே உந்தியிருந்தால், வளையம் இன்னும் விரைவாக வேலையை முடித்திருக்கும்.

சேமித்ததாகச் சொல்லும் நேரம்தான் எவ்வளவு? ஒரு கியரிலிருந்து எதிர்க் கியருக்கு லீவரின் தலை 12 சென்டிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் குறைத்தால் மிச்சம் 3.6 சென்டிமீட்டர். கை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசைந்தால், அது நொடியில் நூறில் நான்கு பங்குகூட இல்லை. அந்த நேரத்தில் கிளட்ச் மிதி பாதிகூட இறங்கியிருக்காது. ஆறாயிரம் சுற்றில் ஓடும் இன்ஜின் அடுத்த கியருக்கு ஏற்ற சுற்றுக்கு இறங்கிவர ஆகும் நேரம் இதைவிடப் பல மடங்கு. அதிலும் 2020-க்குப் பிறகு வரும் பி.எஸ்.6 கார்கள் பலவற்றில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் சுற்று உடனே இறங்காமல் தயங்கும். புகைக் கட்டுப்பாட்டுக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்தத் தயக்கம் முடிவதற்குள் கையை அடுத்த கியருக்குக் கொண்டுபோய் என்ன பயன்? கிளட்சைச் சீக்கிரம் விட்டால் கார் உலுக்கும், அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பின் உண்மையான பலம் இந்த இடத்தில் வெளிப்படுகிறது. நொடிக்கணக்கை விடுங்கள், கைக்கு இதமாக இருக்கிறதே என்பார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். காரை ஓட்டும் இன்பத்தில் பாதி கைவழியே வருவது. ஹோண்டா எஸ்2000, மாஸ்டா எம்.எக்ஸ்.-5 கார்களின் கியரை உலகமே புகழ்வதற்குக் காரணம் அந்த இதம்தான். ஆனால் அந்த இதம் எதனால் ஆனது? அந்தக் கார்களில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது, கியர்பாக்ஸ் ஓட்டுநரின் தொடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, லீவர் நேராக அதற்குள்ளேயே இறங்குகிறது. நடுவில் கேபிள் கிடையாது. குறைந்த வீச்சுக்கு ஏற்றபடி உள்ளே இருக்கும் பாகங்களையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். நம் ஊரில் ஓடும் போலோ, ஐ20, ஸ்விஃப்ட் எல்லாம் இன்ஜினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தைச் சுற்றும் கார்கள். லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே இரண்டு கேபிள்கள் வளைந்து நெளிந்து போகின்றன. ஒன்று முன்பின் அசைவுக்கு, மற்றொன்று இடவல அசைவுக்கு. எம்.எக்ஸ்.-5 தருகிற உணர்வை ஒரு துண்டு இரும்பால் இந்த அமைப்பில் கொண்டுவர முடியாது.

கையில் 'தொள தொள' என்று இருப்பது என்ன என்று ஒரு கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். 12 சென்டிமீட்டர் வீச்சில் 2 சென்டிமீட்டர் வெறும் ஆட்டம் என்று வையுங்கள். அதாவது ஆறில் ஒரு பங்கு. 30 சதவீத ஷார்ட் ஷிஃப்டர் போட்டபின் வீச்சு 8.4 ஆகும், ஆட்டம் 1.4 ஆகும். இப்போதும் ஆறில் ஒரு பங்குதான். இணைப்பில் இருக்கும் தேய்ந்த புஷ் தேய்ந்தபடியே இருக்கிறது. எல்லாவற்றையும் சுருக்கிக் காட்டியதால் கண்ணுக்கும் கைக்கும் சிறிதாகத் தெரிகிறது. பட்டறையிலிருந்து வெளியே வரும் முதல் நாள் ஏற்படும் பரவசத்துக்குக் காரணம் இந்தச் சுருக்கம்தான். புது கிட்டோடு சேர்த்து மெக்கானிக் புது புஷ் போட்டுக் கேபிளையும் சரிசெய்திருந்தால் பரவசம் இரட்டிப்பாகும். பாராட்டு முழுவதும் ஷார்ட் ஷிஃப்டருக்குப் போய்விடும். வேலை செய்தது புஷ்.

பந்தயக் கார்களை மேற்கோள் காட்டுவது அடுத்த பழக்கம். நமக்குப் பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஓடுதளம் இருக்கிறது. 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் பந்தயம் ஓட்டிய தலைமுறைக்குப் பிறகு நாட்டின் கார் பந்தய வாழ்வு பெரிதும் அங்கேதான் வளர்ந்தது. முழுமையான பந்தயக் கார்களில் இன்று இருப்பது சீக்வென்ஷியல் கியர்பாக்ஸ். ஒரு சொடுக்கில் ஒரு கியர் ஏறும், இறங்கும். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஓடிய ஃபார்முலா 4 கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலால் கியர் மாற்றினார்கள். நெம்புவதற்கு லீவரே இல்லை. அந்தக் கார்களிடமிருந்து எச் வடிவ கியர் லீவரின் வீச்சுக்குப் பாடம் எடுக்க ஒன்றும் இல்லை.

எச் வடிவ கியரோடு ஓடுதளத்தில் இறங்குகிறவர் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. மூன்றாவதில் 6,000 சுற்றில் ஓடும்போது நான்காவது என்று நினைத்து இரண்டாவதில் போட்டுவிடுவது. இரண்டாவதின் விகிதம் 1.9, மூன்றாவதின் விகிதம் 1.3 என்று கொண்டால், கிளட்சை விட்ட கணத்தில் இன்ஜின் ஏறத்தாழ 8,800 சுற்றுக்கு இழுபடும். எரிபொருளை நிறுத்தும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு இங்கே உதவாது. இன்ஜினைச் சுற்றுவது சக்கரங்கள். வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். கேபிள் ஒழுங்காக இருந்து, நடு வழி எது, இடது வழி எது என்று கைக்குத் தெளிவாகத் தெரிந்தால் இந்த விபத்து அரிது. மலிவான கிட்கள் சில முன்பின் வீச்சோடு இடவல வீச்சையும் சேர்த்துக் குறைக்கின்றன. வழிகள் ஒன்றோடொன்று நெருங்குகின்றன. எந்த இடத்தில் துல்லியம் மிகவும் தேவையோ அங்கேயே குழப்பம் கூடுகிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டு இரும்புலியூருக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கார்கள் ஓடுவது இங்கேதான். மாதவரத்திலிருந்து அம்பத்தூர், மதுரவாயல் வழியாக 32 கிலோமீட்டர் ஓடிவரும் சென்னை பைபாஸ் இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையோடு சேர்கிறது. வடக்கிலிருந்து வரும் லாரியும் தெற்கே போகும் ஆம்னி பஸ்ஸும் தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் போகும் ஊர் வண்டிகளும் ஒரே சாலையில் நெருக்கும் இடம். வெள்ளிக்கிழமை மாலையோ பொங்கலுக்கு முந்தைய நாளோ அங்கே சிக்கிய எவரும் அறிவர்: முதல் கியர், இரண்டாவது, மறுபடி முதல், நியூட்ரல். அரை மணி நேரம் இதுவே வேலை. அந்த ஒவ்வொரு அசைவுக்கும் 43 சதவீதம் கூடுதல் விசை. அதுவும் இடது கையால். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ஓட்டுநர் இடப்பக்கம் உட்கார்ந்து வலது கையால் கியர் போடுகிறார். அங்கிருந்து வரும் புகழுரைகள் வலது கையின் அனுபவம். நம்மில் பெரும்பாலோருக்கு இடது கை பலம் குறைந்தது, பழக்கமும் குறைந்தது. இந்த வேறுபாட்டை ஒரு கிட்டின் அட்டைப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை.

நம் பகுதிக்கென்று இன்னொரு பெரிய காரணம் தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் புறநகரின் தெருக்களில் கார்கள் நீரில் நின்றன. சீட் கவரை மாற்றி, உள்ளே வாசனை தெளித்து விற்ற கார்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட்டைப் போல கியர் கேபிளை யாரும் கழற்றிக் காயவைப்பதில்லை. உறைக்குள் புகுந்த நீர் உள்கம்பியைத் துருவாக்கும். கியர்பாக்ஸின் காற்றுத் துளை வழியே நீர் இறங்கினால் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். கியர் கடிக்கிறது, ஷார்ட் ஷிஃப்டர் போடலாமா என்று ஒருவர் கேட்கும்போது, வண்டி எந்தத் தெருவில் நின்றது, எந்த மழையைப் பார்த்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். துருவில் இறுகிய கேபிளின் மேல் கூடுதல் விசையை ஏற்றினால், ஒருநாள் அதன் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குழி உருண்டையிலிருந்து கழன்று விழும். அப்போது லீவர் கையோடு வரும், கியர் வராது. இரும்புலியூர் நெரிசலில் நடுச்சாலையில் அப்படி நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

கோளாறைக் கண்டுபிடிப்பது கடினமும் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் முதல் கியரும் ரிவர்ஸும் முரண்டு பிடித்தால் குற்றவாளி கிளட்ச். மிதியை முழுக்க மிதித்தும் தட்டு முழுதாக விடுபடவில்லை என்று பொருள். பழைய கிளட்ச் ஃபுளூயிடை மாற்றிக் குழாயிலிருக்கும் காற்றை எடுத்தாலே பல கார்கள் சரியாகிவிடும். அணைத்திருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால் கேபிளையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். எந்தக் கியரிலும் லீவரின் தலை இஷ்டத்துக்கு ஆடினால் புஷ். எஸ்டீம், ஜென் போன்ற பழைய ராடு வகைக் கார்களில் ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது லீவரும் சேர்ந்து குதித்தால் இன்ஜின் மவுண்டிங். வேகமாக மாற்றும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. அதற்கு வெளியே எந்தத் துண்டை மாட்டினாலும் பயனில்லை, கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும்.

ஆயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நடக்கும் தவறு அதிகம். ஆயில் டப்பாவில் ஜி.எல்.-5 என்று பெரிய எண் இருந்தால் அது ஜி.எல்.-4-ஐவிட உயர்ந்தது என்று நினைத்து ஊற்றுகிறார்கள். ஜி.எல்.-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் அதிகம். பின்அச்சின் டிஃபரன்ஷியலுக்கு அது நல்லது. பித்தளை வளையத்தை அது அரிக்கக்கூடும். கூம்பில் தேவையான உரசலையும் கெடுத்து, வளையம் பிடிக்காமல் வழுக்கச் செய்யும். காரின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஊற்றுங்கள். ஷார்ட் ஷிஃப்டரின் விலையில் சிறு பங்கில் முடியும் இந்த வேலை கியருக்குத் தருகிற மென்மையை அந்த இரும்புத் துண்டு தராது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் மறுமாதமே கியர்பாக்ஸ் உடையும் என்று பயமுறுத்துகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல நிலையில் இருக்கும் வளையம், வேகம் சமமாகும்வரை வழிமறிக்கும். அதை மீறி அவசரப்படுத்தினால்தான் தேயும். நிதானமான கையில் கியர்பாக்ஸ் நெடுங்காலம் நிற்கும். என் வழக்கு கியர்பாக்ஸின் ஆயுளைப் பற்றியது மட்டும் கிடையாது. சொல்லப்படும் பலன் இல்லை, தீர வேண்டிய நோய் தீரவில்லை, செலவு மட்டும் உண்மை என்பதே என் வழக்கு.

புஷ் புதிது, கேபிள் நலம், ஆயில் சரியானது, கிளட்ச் முழுதாக விடுபடுகிறது. இத்தனைக்கும் பிறகு, ஓடுதளத்துக்குத் தவறாமல் போகிற ஒருவர் வீச்சு இன்னும் சற்றுக் குறையட்டும் என்று நினைத்தால் அவரைத் தடுக்க எனக்குக் காரணம் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியவை உண்டு. இருபது சதவீதத்துக்கு மேல் குறைக்கும் கிட் வேண்டாம். அப்போதே விசை கால் பங்கு கூடிவிடும். முன்பின் வீச்சை மட்டும் குறைத்து இடவல வீச்சைத் தொடாத கிட்டாகத் தேடுங்கள். கியர்பாக்ஸின் மேல் இருக்கும் கையில் ஒரு கனத்த இரும்புக் கட்டியைக் கம்பெனி வைத்திருக்கும். அதைத் தேவையற்ற பாரம் என்று சில கிட்கள் எடுத்துவிடுகின்றன. அசைவு தொடங்கியபின் அந்தக் கனத்தின் உந்தம்தான் வளையத்தின் தடையைத் தாண்டக் கையோடு சேர்ந்து தள்ளுகிறது. அதை எடுத்தால் கியர் படிப்படியாக இடறி விழும். அந்தக் கட்டியை எடுக்கச் சொல்லும் கிட்டை வாங்காதீர்கள்.

லேத்தில் கடைந்து, வெல்டிங் வைத்து நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய லீவரை வெட்டி ஒட்டிய வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டிய இடம் உடைவது நீங்கள் ஓங்கி இழுக்கும் கணத்தில்தான். ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டுப் பித்தளையிலோ அலுமினியத்திலோ போடுவதும் தினசரி ஓட்டும் காருக்கு நல்லதில்லை. ஆட்டம் போகும், அதோடு இன்ஜினின் ஒவ்வொரு அதிர்வும் இரைச்சலும் உள்ளே வந்துவிடும். கனமான நாப் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது இதைவிட எளிய வழி. கனம் கையின் வேலையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் முழு உலோகமாக இருந்தால் கத்திரி வெயிலில் வெளியில் நின்ற காரில் கையை வைக்க முடியாது. தோல் போர்த்தியதாக வாங்குங்கள்.

பொருத்தும் வேலையில் கவனம் சிதறக்கூடாத இடம் கேபிளை மறுபடி சரிசெய்வது. போலோ போன்ற வோக்ஸ்வேகன் கார்களில் கியர்பாக்ஸ் பக்கம் தண்டை நியூட்ரலில் பூட்டி, லீவர் பக்கம் ஒரு பின்னைச் செருகி, இரண்டும் நடுவில் நிற்கும்போது கேபிள் முனையை இறுக்கும் முறை இருக்கிறது. கண்ணளவில் செய்யும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் உள் பிளாஸ்டிக்கை மூடுவதற்கு முன் ஒவ்வொரு கியரையும் போட்டு, கியர் முழுதாக விழுந்த பிறகும் லீவருக்கு முன்னால் சிறிது இடைவெளி மிஞ்சுகிறதா என்று பாருங்கள். லீவர் கன்சோலில் இடித்து நின்று, உள்ளே கியர் முக்கால்வாசி மட்டும் சேர்ந்திருந்தால், பல் நுனியில் சுமை ஏறித் தேயும். இரண்டொரு மாதத்தில் கியர் தானாகத் துள்ளி வெளியே வரும். ரிவர்ஸுக்கு இருக்கும் பூட்டு முன்போலவே தடுக்கிறதா என்பதையும் மறக்காமல் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது தவறிப்போய் ரிவர்ஸைத் தேடும் கையை நிறுத்துவது அந்தப் பூட்டுதான்.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து 2021-ல் வந்த ஐ20 என் லைன் காரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். அதன் சில வகைகளில் இருந்தது ஐ.எம்.டி. கியர்பாக்ஸ்; லீவர் உண்டு, கிளட்ச் மிதி இல்லை. லீவரில் இருக்கும் சென்சார், கை கியரை மாற்றப்போகிறது என்பதை உணர்ந்து சொன்ன பிறகுதான் கிளட்ச் தானாகத் திறக்கிறது. அந்த லீவரின் அளவையும் விசையையும் வெளியாள் மாற்றுவது கிளட்சுக்குப் போகும் செய்தியையே மாற்றுவது. அதைத் தொடாதீர்கள். 2023-ல் வந்த ஆறு கியர் மேனுவல் மாடல் வேறு. அதற்கு மேலே சொன்னவை எல்லாம் பொருந்தும்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவோரும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுப்பது, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை. கியர் லீவரின் வீச்சு அந்தச் சான்றிதழில் இடம்பெறும் விவரம் இல்லை. வாரண்டி வேறு விஷயம். லீவரை மாற்றிய காரின் கியர்பாக்ஸ் கோளாறுக்குக் கம்பெனி பொறுப்பேற்க மறுத்தால் வாதாட உங்களிடம் அதிகம் இருக்காது.

இனி நம் பகுதி மெக்கானிக்குகளிடம் நேராகப் பேச விரும்புகிறேன். அண்ணன்மார்களே, வாடிக்கையாளர் கேட்டதை மாட்டிக் கொடுப்பது எளிது. அதில் லாபமும் அதிகம் என்பதை நான் அறிவேன். ஆனால் ஷார்ட் ஷிஃப்டர் கேட்டு வரும் பையனின் காரில் நீங்கள் முதலில் உட்கார்ந்து, இன்ஜினை அணைத்து எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்து, ஆயிலைச் சிறிது இறக்கி அதன் நிறத்தைப் பார்த்து, புஷ்ஷைக் கையால் ஆட்டிப் பார்த்து, "இது போதும், அது வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சை அவர்கள் உங்களிடமிருந்துதான் கேட்பார்கள், என்னிடமிருந்து கேட்கமாட்டார்கள். மிச்சமாகும் பணத்தில் அவர் நல்ல டயர் வாங்கட்டும், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு நாள் ஓட்டக் கட்டணம் கட்டட்டும். கியரை ஓங்கி மாற்றிப் பார்க்கும் ஆசையை நள்ளிரவில் இரும்புலியூர் பைபாஸில் தீர்த்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.